பன்னிரண்டு வயதில் நின்றுவிடும் சட்டம்: எல்லையோர லயத்துப் பிள்ளைகளின் மனநலம்

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்த நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, அத்துடன் நிற்காமல் நாட்டின் அனைத்துக் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்கிறது. 100க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொண்டால் போதுமானது.

தீர்ப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் குமுளியில் நின்றுகொண்டு அதைப் படிக்கும்போது அந்த நூறு என்ற எண்ணிலேயே கண் நின்றுவிடுகிறது. வண்டிப்பெரியாறு, பீர்மேடு, வண்டன்மேடு, சக்குபள்ளம் என்று விரிந்து கிடக்கும் தேயிலைக் காடுகளுக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் பள்ளிகளில் பல, நூறு பிள்ளைகளைக் காணாத சிறு பள்ளிகள். அவை ‘வெளியிலுள்ள வல்லுநரோடு தொடர்பு’ ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த வல்லுநர் எங்கே இருக்கிறார்? இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் கட்டப்பனை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் மலைப்பாதை. தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் கணவாய் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதையும் கடக்க வேண்டும். இரண்டில் எதற்குப் போனாலும் தாய்க்கு ஒருநாள் கூலி போய்விடும். தாய்க்கு ஒருநாள் கூலி போகும் என்பதை அறிந்த பிள்ளை, தன் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை வாய்திறந்து சொல்லப்போவதில்லை.

மனநலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரியென்று நமக்குத் தோன்றுகிறது.

பத்து முதல் பதினான்கு வயது வரையிலான முன்வளரிளம் பருவம் எளிதானதன்று. உடல் மாறுகிறது, உறக்கத்தின் நேரம் மாறுகிறது, பெற்றோரின் சொல்லைவிடத் தோழர்களின் பார்வை பெரிதாகிறது. வாழ்நாள் முழுவதும் தொடரும் மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்றும், 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டால் அவதியுறுகிறார் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 13 முதல் 17 வயதினரிடையே அந்த அளவு 7.3 விழுக்காடு என்றது. என்சிஇஆர்டி 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்தி 2022 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், படிப்பும் தேர்வும் தேர்வு முடிவுகளுமே தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் கூறினர். நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லச் செல்லப் பள்ளி வாழ்க்கையில் நிறைவு குறைகிறது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஓராண்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். ஊடகங்கள் இந்த எண்ணைத் தலைப்பாக்கின. அதே அறிக்கையின் மற்றொரு அட்டவணையை அவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். மாணவர் ஓர் அட்டவணையிலும் தினக்கூலி இன்னோர் அட்டவணையிலும் இருந்தாலும், ஊரில் இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் வாழ்கிறார்கள்.

இதை முதலில் கண்டு சொன்னவர்களில் ஒருவர் இளம் மார்க்ஸ். பாரிஸ் காவல்துறையின் ஆவணக் காப்பாளராக இருந்த ழாக் பெஷேயின் குறிப்புகளை எடுத்து, தன் கருத்துகளையும் சேர்த்து 1846இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனி மனிதரின் பலவீனமாகக் கருதப்பட்ட தற்கொலையைச் சமூகத்தின் நோய்க்குறியாகப் பார்த்த கட்டுரை அது. அதில் அவர் எடுத்துக்கொண்ட நிகழ்வுகளில் பெரும்பாலானவை குடும்பத்துக்குள் நசுக்கப்பட்ட பெண்களைப் பற்றியவை என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இனி, சட்டத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், நீண்ட போராட்டங்களின் விளைவாகப் பெற்ற சட்டம். வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு, 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்கான கல்வி வசதியைத் தோட்ட முதலாளி செய்துதர வேண்டும் என்று விதிகள் வகுக்க அது வழிசெய்தது. அன்றைய நிலையில் அது பெரிய வெற்றி. ஆனால் கணக்கு 12 வயதோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆவான்? அன்றைய முதலாளிகளுக்கு அதில் ஐயமே இருந்திருக்காது. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் காத்திருந்தன.

எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய தோட்டத் தொழிலாளர் சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. புதிய தொகுப்பிலும் அதே 6 முதல் 12 வயது, அதே 25 பேர் என்ற கணக்கு அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. இடையில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்து 14 வயது வரை கல்வி உரிமை என்றானதுகூட அதை வரைந்தவர்களின் கண்ணில் படவில்லை. மாற்றம் ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. இந்த வசதிகளை முதலாளி தன் சொந்தப் பணத்திலிருந்தோ, அல்லது அரசு, ஊராட்சித் திட்டங்களின் வழியாகவோ செய்து தரலாமாம். சுமையை மக்கள் பணத்தின் மேல் இறக்கிவைக்க ஒரு கதவு திறந்துவிடப்பட்டிருக்கிறது.

இந்தப் பன்னிரண்டு வயதுக்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. கேரளத்தில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. தோட்டத்திலோ அருகிலோ இருக்கும் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, பத்து வயதில் ஐந்தாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்கும், எட்டாம் வகுப்புக்காக இன்னொரு பள்ளிக்கும் போக வேண்டியிருக்கிறது. தமிழ்வழி வகுப்பு இருக்கும் இடம் தொலைவாக இருந்தால் ஒன்று விடுதி, இல்லையேல் மலையாள வழி அல்லது ஆங்கில வழி. உடல் மாறும் அதே ஆண்டுகளில் பள்ளியும் மாறுகிறது, நட்பும் மாறுகிறது, பாடமொழியும் மாறுகிறது. நேற்றுவரை வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கிய பிள்ளை, இன்று கேள்வி புரிந்தும் விடைசொல்ல மொழியின்றி அமர்ந்திருக்கிறது. ‘மந்தம்’ என்று அதற்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வரையப்பட்டபோது பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அந்த எல்லைக் கோட்டை இன்று வகுப்பறையில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தனியாகக் கடந்துகொண்டிருக்கிறது. குமுளியைச் சுற்றியுள்ள மன்னான், பளியர் குடிகளின் பிள்ளைகளுக்கோ இரண்டு மொழிகளுமே வீட்டுக்கு வெளியே இருப்பவை.

காலைப் பொழுதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்புகள் விடியும் முன்பே புறப்படுகின்றன. பிள்ளை கண்விழிக்கும்போது தாய் வீட்டில் இல்லை. அடுப்பில் மூடிவைத்த சோறும், பார்த்துக்கொள்ள ஒரு தம்பியோ தங்கையோ மட்டுமே. பூப்பெய்திய சிறுமிக்கு முதல் மாதங்களில் தோன்றும் நூறு ஐயங்களைக் கேட்க ஆளில்லை. மாலையில் தாய் திரும்பும்போது அவரிடம் கேட்பதற்குப் பிள்ளைக்கு மனம் வருவதில்லை, அவ்வளவு களைப்பு. மனநல நூல்கள் ‘பெற்றோர் குழந்தையோடு தினமும் அரைமணி நேரம் மனம்விட்டுப் பேச வேண்டும்’ என்று அறிவுரை கூறுகின்றன. அருமையான அறிவுரை. அந்த அரைமணி நேரத்தை எந்த முதலாளி தரப்போகிறார்?

சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி வளரிளம் பருவத்தைப் பற்றி 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக எழுதினார். ஹார்மோன்களின் கதையாக மட்டும் அந்தப் பருவத்தைப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. கருத்துருக்களைக் கொண்டு சிந்திக்கும் ஆற்றல் மனிதனுக்கு அப்போதுதான் வாய்க்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அதுவரை தனித்தனியாகத் தெரிந்தவை அப்போது ஒன்றோடொன்று இணைந்து தெரிகின்றன. ஏன் என்ற கேள்வி பிறக்கிறது.

லயத்துப் பிள்ளைக்கு அந்த வயதில் இணைந்து தெரிபவை யாவை? தான் பிறந்து வளர்ந்த வீடு தன் வீடன்று. தாய் ஓய்வுபெறும் நாளில் அதைக் காலிசெய்ய வேண்டும், அல்லது வீட்டைக் காப்பாற்ற அண்ணனோ அக்காளோ படிப்பை விட்டுத் தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். 1950க்குப் பிறகு மலையேறிய தலித் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, குடியரசுத் தலைவர் ஆணையின் தேதியைக் காட்டி, கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படுகிறது. மூன்று தலைமுறை இங்கே வாழ்ந்தும், நல்ல மதிப்பெண் பெற்ற அக்காள் கல்லூரி இடமின்றித் திரும்பி வந்ததைத் தங்கை பார்க்கிறாள். பீர்மேடு தேயிலைக் கம்பெனி 2000ஆம் ஆண்டு இறுதியில் கதவடைத்துச் சென்றபோது, கூலியும் பணிக்கொடையும் இன்றி இடிந்துவிழும் லயங்களிலேயே மக்கள் விடப்பட்டார்கள். இதையெல்லாம் புரிந்துகொண்ட பன்னிரண்டு வயதுச் சிறுமி உறக்கமின்றிக் கிடந்தால், அதற்கு ‘மனப்பதற்றக் கோளாறு’ என்று பெயரிடுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. அவள் புரிந்துகொண்டது உண்மை. மருத்துவம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மனச்சோர்வு உண்மையான நோய், அதற்கு உண்மையான சிகிச்சையும் உண்டு. வறுமை ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி இன்று துன்பப்படும் பிள்ளையைக் காக்கவைப்பது பொறுப்பற்ற பேச்சு.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு பகுதியில் வேர்கொண்ட தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும். குற்றியார் பள்ளத்தாக்கில் கட்டித் தரப்பட்ட மாற்று வீடுகள் எட்டு. அந்த இரவுக்குப் பிறகு, ஆகஸ்ட் மாத மழை தகரக் கூரையில் விழும் ஓசை, இடுக்கியின் எந்த லயத்துப் பிள்ளைக்கும் முன்போல இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரிந்தபோது அந்த அச்சம் மீண்டும் எழுந்தது.

அத்துடன் முல்லைப் பெரியாறு. 2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த எல்லையில் நடந்ததை மறக்க முடியாது. குமுளிச் சாலை அடைபட்டது. இருபுறமும் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு இரவோடு இரவாக மலையிறங்கின. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தாய் தந்தையராகும் வயதில் இருக்கிறார்கள். அணை பலமாக இருக்கிறது என்று நீதியரசர் ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் கூறியது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆயினும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அணை உடைந்து வண்டிப்பெரியாறு மூழ்குவதாகக் காட்டும் கணினிச் சித்திரங்கள் கைபேசிகளில் வலம்வருகின்றன. மேலே, அணைக்குக் கீழ்ப்பகுதியில் வாழும் பிள்ளை நீர் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறது. கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளை நீர் வராமல் போய்விடுமோ என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்கிறது. இரண்டு அச்சங்களையும் இனவெறி அரசியல் வாக்குகளாக மாற்றிக்கொள்கிறது. நீர்மட்டத்தை நாளும் அறிவிக்கும் அரசுகள், அந்த எண் என்ன பொருள் தருகிறது என்பதை எல்லையின் இருபுறமும் உள்ள பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் புரியும்படி விளக்கினாலே பாதி அச்சம் குறையும். அறிவியல் பாடத்தில் இதைவிடப் பொருத்தமான பாடம் இங்கே வேறென்ன இருக்கிறது?

கொரோனாக் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை, பிள்ளைகளின் மனத்தில். 2020 மார்ச் 25இல் தொடங்கிய பொது முடக்கத்துக்கும் ஜூலை முற்பகுதிக்கும் இடையே கேரளத்தில் 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். இணையவழி வகுப்புகள் தொடங்கிய நாளிலேயே, கைபேசியும் பழுதற்ற தொலைக்காட்சியும் இல்லாத மலப்புரத்து தலித் சிறுமி ஒருத்தி உயிர்நீத்தாள். விக்டர்ஸ் தொலைக்காட்சியில் மலையாளப் பாடங்கள் வந்தன. தமிழ்வழிப் பாடங்களைப் பெரிதும் யூடியூபில் தேட வேண்டியிருந்தது. இணையக் குறியீடு கிடைக்காத மலைச்சரிவில் அது என்ன பயன் தரும்? அலைவரிசை தேடிப் பிள்ளைகள் குன்றேறிய காலம் அது. அன்று முதல் வகுப்பில் எழுத்தறியாமல் போன பிள்ளைகள்தாம் இன்று நடுநிலைப் பள்ளியில் முன்வளரிளம் பருவத்தில் இருக்கிறார்கள்.

வண்டிப்பெரியாற்றில் 2021 ஜூன் 30 அன்று, பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்த பகலில், லயத்தில் ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டப்பனை நீதிமன்றம் 2023 டிசம்பரில் விடுவித்தது. அந்த லயங்களில் தனியாக இருக்கும் மற்றச் சிறுமிகளுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை யாரேனும் கேட்டோமா?

ஆளும் வர்க்கங்களிடம் இவற்றுக்கெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. ஒன்றிய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்தைப் பற்றிப் பேசியது. நல்லதுதான். ஆனால் பதப்படுத்தப்பட்ட உணவு, உடற்பயிற்சியின்மை, சமூக ஊடகம் என்று தனிமனிதரின் வாழ்க்கைமுறைத் தேர்வுகளையே அது முன்னிறுத்தியது. பொருளாதார இலக்குகளை எட்ட இவற்றைச் சரிசெய்ய வேண்டுமாம். 2018 முதல் பிரதமர் ஆண்டுதோறும் மாணவர்களை அமரவைத்துத் தேர்வு அச்சம் போக்க உரையாற்றுகிறார். அதே அரசு 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்க வழிசெய்தது. தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை, புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக நிறுத்திவைத்தது. சிறப்பாசிரியர்களுக்கும் வளமையங்களுக்கும் ஊதியம் தருவது அந்த நிதிதான்.

கேரளத்தில் 2025இல் போதைப்பொருளுக்கும் மன அழுத்தத்துக்கும் மாற்றாகப் பள்ளிகளில் ஸும்பா நடனம் கொண்டுவரப்பட்டது. மதவாதிகள் அதை எதிர்த்த காரணங்கள் ஏற்கத்தக்கவை அல்ல. பிள்ளைகள் ஆடட்டும், அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஆடி முடித்த பின் பேச ஒருவர் வேண்டும். பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் கீழ் கேரளப் பள்ளிகளில் பணிபுரியும் ஆலோசகர்கள் அரும்பணி ஆற்றுகிறார்கள். பல மாநிலங்களில் அதுகூட இல்லை. எனினும் அவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். தன் வேலை அடுத்த ஆண்டு இருக்குமா என்று அறியாத ஒருவரிடம், தன் எதிர்காலம் பற்றி அஞ்சும் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறோம். இந்த எல்லையில் அந்த ஆலோசகருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். துன்பத்தைப் பிள்ளை தாய்மொழியில்தான் சொல்லும்.

ஒன்றிய சுகாதார ஒதுக்கீட்டில் மனநலத்துக்குச் செல்வது சுமார் ஒரு விழுக்காடு. ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே இருப்பதாக நாடாளுமன்ற நிலைக்குழு 2023இல் சுட்டிக்காட்டியது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் அழைக்கலாம். கேரளத்தின் திசா எண் 1056, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த எண்கள் ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் இருக்க வேண்டும். பிள்ளை உறக்கம் இழந்தாலோ, நட்பை விட்டு ஒதுங்கினாலோ, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுமை குறையும்’ என்ற பொருளில் பேசினாலோ, கண்டிக்காமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. ஆயினும் தொலைபேசி எண் ஒரு பாலம் மட்டுமே, மறுகரையில் மருத்துவமனை வேண்டும். தேனி, இடுக்கி மாவட்ட மனநலத் திட்டங்கள் இணைந்து, குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ வாரம் ஒருநாள், அதுவும் வேலை முடிந்த மாலை நேரத்தில், இருமொழி மருத்துவமுகாம் நடத்துவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது 232 ரூபாயாக இருந்த தேயிலைத் தொழிலாளரின் தினக்கூலி 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. கூலியையும் போனசையும் மட்டும் அவர்கள் பேசவில்லை. ஒற்றை அறை லயத்தையும், மருத்துவத்தையும், பிள்ளைகளின் படிப்பையும் பேசினார்கள். சங்கங்களை நோக்கியும் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

தொகுப்புச் சட்டங்களைத் திரும்பப் பெற வைக்கும் போராட்டம், 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தைப் போல இன்னும் வலுவாகத் தொடர வேண்டும். அதே வேளையில், தோட்டங்களுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. கல்வி வசதிக்கான வயதை 12 என்பதிலிருந்து 18 ஆக உயர்த்தவும், அந்த வசதி என்பதில் பள்ளி வண்டியையும், நூறு பேர் இல்லாத பள்ளிகளை ஒன்றுசேர்த்து அவற்றுக்கென ஒரு நிரந்தரத் தமிழறிந்த ஆலோசகரையும் உள்ளடக்கவும், செலவை முதலாளியிடமே வசூலிக்கவும் நாம் கோர வேண்டும். தோட்டத் தொழிலாளர் கமிட்டியில் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தை தொடங்கும்போது, போனஸ் விழுக்காட்டுக்கு அடுத்த வரியில் இவற்றை எழுதலாம். அதற்கு முன்பாக, எந்த லயத்தில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பள்ளிக்கு, எந்த மொழியில், எத்தனை மணிக்குப் புறப்பட்டுப் போகிறார்கள் என்ற கணக்கு நம் கையில் இருந்தாக வேண்டும். வண்டிப்பெரியாறு முதல் வண்டன்மேடு வரை நம் தோழர்கள் இருக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் இந்தப் பள்ளியாண்டு முடிவதற்குள் அந்தக் கணக்கெடுப்பை முடித்துவிட முடியும்.